சாவி ஒப்படைத்த பிறந்த வீடு

நெய்வேலி நகரியத்தில் வாழ்ந்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு நெய்வேலிக்காரர்கள் சென்னையில் சந்தித்தாலும் சரி, சிங்கப்பூரில் சந்தித்தாலும் சரி, முதலில் கேட்டுக்கொள்வது சொந்த ஊரை அன்று. "எந்த வட்டம்?" என்பதே முதல் கேள்வி. வட்டத்தின் எண்ணைச் சொன்னதும் தெரு, பிறகு வீட்டின் வகை, பிறகு வாசலில் நின்ற மரம் என்று பேச்சு வளரும். இத்தனை உரிமையோடு பேசப்படும் அந்த வீடு அவர்களுள் ஒருவருக்கும் சொந்தமானதன்று. அது நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ். பணி ஓய்வு பெற்றபின் குறித்த காலத்துக்குள் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட வேண்டும்.

இதில் குறை கூற ஒன்றுமில்லை. அடுத்து வேலைக்கு வருபவருக்கும் வீடு வேண்டுமே. ஆனால் நகரியத்தில் பிறந்து வளர்ந்து, மணமுடித்துக் கடல் கடந்து சென்ற பெண்களுக்கு இதனால் நேரும் ஒரு வருத்தம் பிற ஊர்ப் பெண்களுக்கு இல்லாதது. வெளிநாட்டில் குடித்தனம் நடத்தும் எந்தப் பெண்ணுக்கும் பிறந்த வீட்டு நினைவு வரும். நெய்வேலிப் பெண்ணுக்கோ நினைப்பதற்கு வீடு உண்டு, திரும்பிச் செல்வதற்கு அந்த வீடு இல்லை.

உண்மையில் அந்த மண்ணே இடம்பெயர்ந்தவர்களின் மண்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டதும், அவர் தம் நிலத்தையே நாட்டுக்கு ஈந்ததும் அப்பகுதியில் இன்றும் நன்றியோடு பேசப்படுகின்றன. 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1957 மே 20 அன்று பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேலே இருந்த கிராமங்கள் எழுந்து இடம் மாறின. வயல், வாய்க்கால், ஊர்க்கோடியில் நின்ற காவல் தெய்வம் எல்லாவற்றையும் விட்டுப் பெயர்ந்த அந்தக் குடும்பங்களின் பிறந்த ஊர் இன்று சுரங்கப் பள்ளத்தில் வெறும் காற்றாக இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போன மகளை எண்ணி உருகும் நாம் இவர்களையும் ஒருகணம் எண்ணிக்கொள்வது தகும்.

அவர்கள் போன இடத்துக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்தார்கள். சோவியத் நாட்டின் துணையோடு முதல் அனல்மின் நிலையம் எழுந்தபோது ருஷ்ய நிபுணர்களும் வந்து தங்கினார்கள். பனி பெய்யும் ஊரில் பிறந்தவர்கள் கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் எப்படித்தான் காலம் தள்ளினார்களோ!

அப்படி வந்தவர்களுள் ஒரு தம்பதியின் கதை இது. கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றியவர். மனைவி லால்குடிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1978-இல் மணமாகி, லால்குடியில் ரயில் ஏறி, விருத்தாசலத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் நெய்வேலி வந்து சேர்ந்தார். இன்று நினைத்தால் அது ஒரு தொலைவே அன்று. ஆனால் அன்றைய பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு, வாய்க்கால் ஓரத்து ஓட்டு வீட்டிலிருந்து எண்ணிட்ட தெருக்களும் ஒரே அச்சில் வார்த்த வீடுகளும் நிறைந்த நகரியத்துக்கு வந்தது வேற்று நாட்டுக்கு வந்தது போலத்தான் இருந்தது. இரவு ஷிப்டுக்குக் கணவர் சென்றபின் தொலைவில் கேட்கும் இயந்திர ஓசையைக் கேட்டுக்கொண்டே விழித்திருப்பார். வாரம் ஓர் இன்லண்ட் கடிதம் பிறந்தகத்துக்குப் போகும். பதில் வரப் பத்து நாள் ஆகும்.

அவரை அந்த ஊரோடு ஒட்ட வைத்தவன் வில்லுடையான்பட்டு முருகன். வேலுக்குப் பதிலாக வில்லேந்தி நிற்கும் அந்தக் குமரனைக் காண அண்டை வீட்டு அம்மாள் ஒருவர் அழைத்துச் சென்றார். அந்த ஆண்டுப் பங்குனி உத்திரத்தில் காவடிக் கூட்டத்தில் நின்றபோதுதான், முன்பின் அறியாத ஊரில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் அவருக்கு முதலில் தோன்றியது. அவ்வாண்டு ஆனி மாதம் வீட்டின் பின்புறத்தில் ஒரு பலாக்கன்றை நட்டார். குவார்ட்டர்ஸில் பலா நடுபவரைப் பார்த்து அண்டை வீட்டார் சிரித்தார்களாம். அது காய்க்கும்போது யார் இருப்பார்களோ என்று. அவர்களே இருந்தார்கள், முப்பத்து நான்கு ஆண்டுகள்.

அந்த வீட்டில் பிறந்த மகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.காம். முடித்தார். 2007 தை மாதம் திருமணம். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் நியூஜெர்சியில் கணினித் துறை வேலை. மாசி பிறப்பதற்குள் பெண் விமானம் ஏறிவிட்டாள்.

அந்த முதல் ஆண்டில் மகளுக்குப் பகைவர் இருவர். ஒருவர் குளிர், மற்றொருவர் விசா. கணவரைச் சார்ந்து செல்லும் மனைவிக்கு வழங்கப்படும் எச்-4 விசாவில் அந்நாட்களில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பட்டம் பெற்ற பெண், காலை ஏழரை மணிக்குக் கணவர் சென்றபின், மாலை வரை அடுக்குமாடியின் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். கார் ஓட்டத் தெரியாது. நடந்து போகும் தொலைவில் கடையும் இல்லை. நெய்வேலியில் காலை ஆறு மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு ஏழரை அல்லது எட்டரை. அந்த நேரத்தில் நாள்தோறும் தொலைபேசி மணி அடிக்கும்.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லா இருக்கேம்மா. நீங்க?"

"நாங்களும் நல்லா இருக்கோம்."

இரண்டு பக்கமும் சொன்னது முழு உண்மை அன்று. ஒருநாள் மகள் பேச்சின் நடுவே அழுதுவிட்டாள். தாய் பதறி, தேற்றி, நல்ல வார்த்தை சொல்லி அழுகையை நிறுத்தப் பார்த்தார். தொலைபேசியை வைத்தபின் கணவர் கூறிய பதில் அந்த அம்மையாருக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இரவும் பகலும் விடாமல் அதை இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும், இல்லையேல் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். "அவ அழட்டும். நிறுத்தாதே. இறைச்சாத்தான் மேலே வேலை ஓடும்" என்றார் அவர். சுரங்கத்துக்காரர் வேறு எப்படிச் சொல்வார்?

ஆடி வந்தது. மணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்தகத்துக்கு அழைத்து வந்து சீர் செய்வது நம் வழக்கம். மகளை அழைக்க வழியில்லை. தாய் பட்டுப்புடவை வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூஜை அறையில் முருகன் படத்தின் முன் ஒரு நாள் வைத்திருந்துவிட்டுப் பீரோவில் எடுத்து வைத்தார். தலைதீபாவளிக்கும் அப்படியே.

லால்குடிப் பக்கத்துப் பெண்ணுக்குச் சீர் என்றால் என்னவென்று பிறர் கற்றுத்தர வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளுவாள். திருவரங்கத்திலிருந்து அண்ணன் அரங்கநாதன் தங்கைக்குப் பட்டும் வளையலும் மாலையும் மங்கலப் பொருள்களும் அனுப்பி வைப்பான். உலகையே காக்கும் மாரிக்கும் அண்ணன் வீட்டுச் சீர் தேவைப்படுகிறது. ஆற்றங்கரை மணலில் அந்தக் காட்சியைச் சிறுமியாகக் கண்டவர் அவர். அழைப்பில்லாத போதும் தந்தையின் வேள்விக்குப் போய்த் தீர வேண்டும் என்று தாட்சாயணி துடித்ததும் இதே பாசம்தான். தெய்வங்களே விடாத ஒன்றை மானிடப் பெண் விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

2008 தைப்பூசத்தன்று பெற்றோர் இருவரும் வடலூர் சென்றனர். வள்ளலார் 1872-இல் நிறுவிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகளும் விலகி ஜோதி தெரிந்த வேளையில், அந்தத் தாயின் வாய் வள்ளலாரை வேண்டியது. மனமோ கொள்ளிடக் கரையில் இருந்ததாம்.

இங்கே வங்கி சார்ந்த ஒரு சிறு செய்தியைச் சொல்லியாக வேண்டும். வெளிநாடு சென்று குடியேறிய ஒருவர் இந்தியாவில் முன்பே வைத்திருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கு, அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி என்ஆர்ஓ கணக்காக, அதாவது 'இந்தியாவில் வசிக்காதவர்' கணக்காக, மாற்றப்பட வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தபின் ஒரு படிவத்தில் கையொப்பமிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் கணக்கு, ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் பரிசாகக் கிடைத்த நூறு ரூபாயைப் போட்டு நகரியத்து வங்கிக் கிளையில் தொடங்கியது. புதிய பாஸ்புத்தகத்தைப் பெற்றுக்கொண்ட தந்தை கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. "வசிக்காதவர்னு போடாம வேற வார்த்தை ஏதும் இல்லையா சார்?" என்று கேட்டார். கவுன்ட்டரில் இருந்தவர், பாவம், என்ன சொல்வார்? சட்டத்துக்கு ஒரு சொல்தான் இருந்தது.

2009-இல் மகளுக்குப் பேறுகாலம். முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது மரபு. மரபு திரும்பி நடந்தது. தாய்வீடு மகளைத் தேடிப் போயிற்று. ஆறு மாதம் தங்கும் விசாவோடும், பெட்டி நிறையச் சுக்கு, வசம்பு, பிரசவ லேகியம், பருத்தித் துணிகளோடும் அந்த அம்மையார் முதன்முறையாக விமானம் ஏறினார். போய்ச் சேர்ந்த நான்காம் நாள் அவர் கண்டது மகள் தொலைபேசியில் ஒருபோதும் சொல்லாத ஒன்று. சமையலறை அலமாரியில் ஒரு நாட்காட்டி. அதில் 2007-ஆம் ஆண்டின் ஒவ்வொரு நாளும் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது, சிறையில் இருப்பவர் சுவரில் கோடிடுவதைப் போல. 2008-ஆம் ஆண்டில் கோடுகள் ஜூன் மாதம் வரை ஓடி, பிறகு நின்றிருந்தன.

"ஜூனில் என்ன ஆச்சு?" என்று தாய் கேட்டார்.

"கோயில் கேன்டீன்ல காய் நறுக்கப் போக ஆரம்பிச்சேன்மா" என்றாள் மகள்.

அமெரிக்காவில் நம்மவர்கள் கோயில் எழுப்பிய வரலாறு பெரிது. நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் உள்ள மகா வல்லப கணபதி ஆலயத்துக்கு 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் பணியாற்றிய கானாடுகாத்தான் அழகப்பா அழகப்பன் அதற்கு முன்நின்று உழைத்தவர். அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் வேங்கடாசலபதி ஆலயமும் திருக்குடமுழுக்குக் கண்டது. பின்னர் நியூஜெர்சியிலும் பிரிட்ஜ்வாட்டரில் வேங்கடேசனுக்கு ஆலயம் எழுந்தது. இவற்றைக் கட்டியவர்கள் செல்வத்தைக் காட்ட வேண்டும் என்று கட்டவில்லை. ஃப்ளஷிங் ஆலயத்தின் கீழ்த்தளத்துக் கேன்டீனில் தோசைக்குக் காத்து நிற்கும் முகங்களைப் பார்த்தால் கட்டியதன் காரணம் விளங்கும். பனிக்காலணிகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கம்பளிச் சட்டைக்கு மேல் பட்டுச் சேலை உடுத்து, யாரோ ஒருவர் "நீங்க எந்த ஊர்?" என்று கேட்கமாட்டாரா என்று ஏங்கி வருபவர்கள் அவர்கள். வில்லுடையான்பட்டில் அண்டை வீட்டு அம்மாள் தாய்க்குச் செய்ததை, பிரிட்ஜ்வாட்டரில் கத்தரிக்காய் நறுக்கிய ஒரு கும்பகோணத்து மாமி மகளுக்குச் செய்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

பேத்தி பிறந்தாள். நாற்பது நாள் கழிந்தபின் குழந்தையோடு பிரிட்ஜ்வாட்டர் ஆலயத்துக்குப் போனார்கள். அர்ச்சனை முடிந்து தீபாராதனையின்போது மகள் கண்மூடி நெடுநேரம் வேண்டினாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று தாய் கேட்டார்.

"கிரீன் கார்டு சீக்கிரம் வரணும்னு."

தாய் ஒன்றும் பேசவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

நெய்வேலி நடராசர் ஆலயத்துக்குச் சென்றவர்கள் அறிவார்கள். பத்தடிக்கும் மேற்பட்ட உயரத்தில் ஐம்பொன்னில் வார்த்த அழகிய திருச்சிற்றம்பலமுடையான் அங்கே ஆடுகிறான். அவன் ஆலயத்தில் மனுநீதி முறைப்பெட்டி என்று ஒன்று உண்டு, ஆராய்ச்சி மணியும் உண்டு. குறையுள்ளவர்கள் அதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் இட்டு மணியை அடிக்கலாம். மனுநீதிச் சோழனின் மணி பசுவுக்கு ஒலித்தது. இங்கே அது பரீட்சை எழுதும் பிள்ளைக்கும், பதவி உயர்வு கிடைக்காத ஊழியருக்கும், மருமகளோடு ஒத்துப்போகாத மாமியாருக்கும் ஒலிக்கிறது. மகள் விமானம் ஏறிய மாதம் முதல் அந்தத் தாய் மாதந்தோறும் ஒரு மனு எழுதிப் பெட்டியில் இட்டு வந்தார். எழுதியது ஒரே வரி. மகளும் மாப்பிள்ளையும் வேலையை முடித்துக்கொண்டு இந்தியாவுக்கே திரும்பிவிட வேண்டும்.

ஆக, நெய்வேலியில் தாய் திரும்பி வரச்சொல்லி மனுக்கொடுக்க, பிரிட்ஜ்வாட்டரில் மகள் அங்கேயே நிலைக்க வரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே குடும்பத்திலிருந்து எதிரெதிரான இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று சிவனுக்கும் மற்றொன்று பெருமாளுக்கும் போனதால் கோப்புகள் ஒன்றாகச் சேராமல் இருந்தன போலும்! அமெரிக்க அரசும் அவசரப்படவில்லை. வேலைவழி கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டினருக்கு ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது அங்குள்ள சட்டம். விண்ணப்பிக்கும் இந்தியர்களோ மிகப் பலர். பத்தாண்டுக்கு மேலும் காத்திருப்பவர்கள் உண்டு. திரும்பவும் முடியாமல் நிலைக்கவும் முடியாமல் ஒரு குடும்பம் இப்படி நடுவில் நிற்பது எந்தப் பிரிவை விடவும் கொடுமையானது.

2012-இல் தந்தை ஓய்வு பெற்றார். வடலூரில் முன்பே வாங்கிப் போட்டிருந்த மனையில் சிறிய வீடு ஒன்று கட்டியிருந்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று லாரியில் எல்லாம் ஏறியது, பலாமரத்தைத் தவிர. சரிபார்க்க வந்தவர் மின்விசிறிகளை எண்ணி, குழாய்களைத் திறந்து பார்த்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு சாவியைப் பெற்றார். கதவு நிலையில் மகளின் உயரத்தை ஆண்டுதோறும் பென்சிலால் குறித்த கோடுகள் இருந்தன. அடுத்து வெள்ளையடிக்கும் வரைதான் அவை. தந்தை அவற்றைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். அந்தப் படத்தைப் பார்த்தபின் மகள் மூன்று நாள் பேசவில்லை.

அதைவிடப் பெரிய மௌனம் 2014-இல் வந்தது. தந்தைக்கு மார்புவலி கண்டு, இதயத்துக்குச் செல்லும் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஐந்து நாள் மருத்துவமனை வாசம். அந்த ஐந்து நாளும் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தபோதெல்லாம், அப்பா திருவண்ணாமலை போயிருக்கிறார், அப்பா தூங்குகிறார் என்று தாய் சமாளித்தார். நம்மில் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான் இது. தொலைவில் இருக்கும் பிள்ளை பதறக்கூடாது, லட்ச ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து ஓடிவரக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் நெய்வேலிக்காரர்களின் வலை பெரியது. எடிசன் நகரத்துக் காய்கறிக் கடையில் யாரோ ஒருவர் அந்தப் பெண்ணிடம், "அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

அன்று இரவு மகள் அழைத்தபோது குரலில் அழுகை இல்லை. அதுவே தாயை அஞ்ச வைத்தது.

"வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத்தான் வீட்டு நோவு தெரியக்கூடாதும்மா. நான் உங்களுக்கு விருந்தாளி ஆயிட்டேனா?"

தாய் பதில் தேடித் தடுமாறி, கடைசியில் தம் பக்கத்தில் இருந்த உண்மையையும் சொல்லிவிட்டார். ஏழு ஆண்டாக மாதந்தோறும் மனு எழுதி வருவதையும், அதில் எழுதியது என்ன என்பதையும். நெடுநேரம் அங்கிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மகள் சொன்னாளாம்: "ஏழு வருஷமா நான் ஒரு சோபா வாங்கல. எந்த மாசம் திரும்பிடுவோமோன்னு. உன் மனு எனக்குத் தெரியாமலே எனக்குத் தெரிஞ்சிருக்கு போல."

இந்த இடத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று. ஆனாலும் ஒன்று சொல்லலாம். கடல் கடந்த பிள்ளைகளிடம் நோயை மறைப்பது அன்பு என்று நாம் கருதுகிறோம். பிள்ளைகள் கணக்கில் அது தங்களை வீட்டிலிருந்து நீக்கியதாகவே வரவு வைக்கப்படுகிறது. வங்கிப் புத்தகத்தில் 'வசிக்காதவர்' என்று சட்டம் எழுதலாம். பெற்றவர்களும் எழுத வேண்டுமா? அதன்பின் அந்த வீட்டில் ஒரு விதி ஏற்பட்டது. ரத்தப் பரிசோதனை அறிக்கை எதுவானாலும் அன்றே மகளுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும். அவளும் அங்குள்ள நல்லது கெட்டது எதையும் மறைக்கக் கூடாது. தொலைபேசியில் "நல்லா இருக்கோம்" என்ற சொல் அருகிப் போயிற்று.

2015 மே மாதத்தில் அமெரிக்க அரசு விதியை மாற்றி, கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட நிலையை எட்டியவர்களின் மனைவியருக்கு எச்-4 விசாவிலேயே வேலை செய்ய அனுமதி அளித்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த எம்.காம். பட்டதாரிக்கு ஒரு கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் சோபா வாங்கிப் படம் அனுப்பினாள். தாய் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல நிறம்" என்று மட்டும் சொன்னார்.

2016 கோடையில் மகள் குடும்பத்தோடு வந்தாள். வடலூர் வீட்டில் மூன்று நாள் இருந்தும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விளக்குப் பொத்தான் எந்தச் சுவரில் இருக்கிறது என்று இருட்டில் கை தடவியது. ஆடி பிறந்து மூன்றாம் நாள், ஒருவரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து நெய்வேலி போனாள். பழைய வட்டம், பழைய தெரு, பழைய வாசல். உள்ளே வேறு ஒரு குடும்பம். கதவைத் திறந்தவள் ஒடிசாவிலிருந்து மணமாகி வந்து ஓராண்டே ஆகியிருந்த இளம்பெண். கணவர் அனல்மின் நிலையத்தில் பொறியாளர். அவளுக்குத் தமிழில் பத்துச் சொல் தெரியும், இவளுக்கு இந்தியில் இருபது.

முருகன் படம் இருந்த மாடத்தில் ஜகந்நாதர் இருந்தார். கதவு நிலை வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பெண் தண்ணீர் கொடுத்துவிட்டு, "உங்கள் அம்மா எங்கே இருக்கிறார்?" என்று கேட்டாள். வடலூரில், அரைமணி நேரத்தில் போய்விடலாம் என்றாள் இவள். "என் அம்மாவிடம் போக இரண்டு ரயில்" என்று அவள் இரண்டு விரலைக் காட்டினாள். பிறகு தினமும் மாலையில் இரவு ஷிப்ட் போகும் கணவரை அனுப்பிவிட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை என்றாள். இவள் அவளை வில்லுடையான்பட்டுக்கு வழி சொல்லி, அடுத்த தெருவில் இருந்த தன் பள்ளித் தோழியின் தாயாரிடம் நேரே அழைத்துப் போய் அறிமுகம் செய்துவிட்டுத்தான் திரும்பினாள்.

புறப்படும்போது அந்தப் பெண் பின்பக்கம் ஓடிப்போய் ஒரு பலாப்பழத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். தங்கள் ஊரில் பிஞ்சாகவே பறித்துக் கறி வைத்துவிடுவார்கள் என்றும், இது கண்ணில் படாமல் பழுத்துவிட்டது என்றும், வீட்டுப் பெண் வந்தால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றும் சைகையும் சொல்லுமாகச் சொன்னாள். ஆட்டோவிலிருந்து பழத்தை இறக்கிய தந்தை வாசனையிலேயே மரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தாய் பூஜை அறைக்குப் போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து பழத்துக்கு இட்டார். பிறகு பீரோவைத் திறந்து, 2007 ஆடிக்கு வாங்கிய பட்டுப்புடவையை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நடராசர் ஆலயம் சென்றார்கள். ஏழு வயதுப் பேத்தி அவ்வளவு பெரிய சுவாமியை அதற்கு முன் பார்த்ததில்லை. கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்து, "இவர் எப்பக் கால் மாத்துவார்?" என்று கேட்டாள். மனுப்பெட்டியின் அருகில் வந்ததும் தாய் வழக்கம்போல் பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார். மகள் அதில் பாதியைக் கிழித்து வாங்கிக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு தூணில் தாளை வைத்து எழுதினார்கள்.

"என்ன எழுதினே?" என்றார் தாய்.

"நீ சொல்லு, நான் சொல்றேன்."

தாய் சொல்லவில்லை, மகளும் சொல்லவில்லை. இரண்டு தாள்களும் மடிக்கப்பட்டுப் பெட்டிக்குள் விழுந்தன. மணியை அடிக்கப் பேத்தியைத் தூக்கிப் பிடித்தார்கள். அவள் வேண்டிய அளவுக்கு மேலேயே அடித்தாள். இத்தனை ஆண்டுகளாக மனைவி மனு எழுதும்போதெல்லாம் சற்றுத் தள்ளி நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் தந்தையின் வழக்கம். அன்று அவர் அருகில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்த பேருந்துச் சீட்டை எடுத்துப் பின்புறம் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடு" என்றார் மகளிடம்.